சுவர் யாருடையது? – சிகாகோ நகரின் சமூகச் சுவரோவியங்கள்

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது தமிழில் வழங்கும் பழமொழி. உடலைப் பேணிக்கொள் என்று அறிவுறுத்தவே பெரும்பாலும் அதைச் சொல்வார்கள். சுவரில் எழுதப்படும் சித்திரத்தைப் பற்றியே பேச வரும்போது அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். சித்திரம் ஒருவருடையது, சுவர் வேறொருவருடையது என்றால் அந்தச் சித்திரத்தின் கதி என்ன? அமெரிக்காவின் சிகாகோ நகரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் சமூகக் கலை முயற்சிகள் இந்தக் கேள்வியை மீண்டும் மீண்டும் எழுப்பியுள்ளன.

பொது இடத்தில் எல்லோரும் காணும்படி வைக்கப்படுவது பொதுக்கலை. பூங்காச் சிலையும் அரசு அலுவலக முற்றத்துச் சிற்பமும் அதில் அடங்கும். சமூகம் முன்னின்று நடத்தும் பொதுக்கலை அதனுள் ஒரு தனி வகை. எதை வரைவது, எங்கே வரைவது, யார் வரைவது என்பனவற்றை அந்தத் தெருவில் வாழும் மக்களும் அவர்களோடு சேர்ந்து உழைக்கும் கலைஞர்களும் முடிவு செய்வார்கள். ஓவியத்தின் தரத்தை மட்டும் பார்த்து இவ்வகைக் கலையை மதிப்பிட முடியாது. வரையும் முடிவு யாரிடம் இருந்தது, அழிக்கும் முடிவு யாரிடம் இருந்தது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிகாகோவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒரே மாதத்தில் இரு கலைப்படைப்புகள்

1967 ஆகஸ்டு 15 அன்று சிகாகோ நகரின் மையச் சதுக்கத்தில் பாப்லோ பிக்காசோ வடிவமைத்த மாபெரும் எஃகுச் சிற்பம் திறந்து வைக்கப்பட்டது. 50 அடி உயரமும் 162 டன் எடையும் கொண்ட அச்சிற்பத்தை நகரத் தந்தை ரிச்சர்ட் டேலி திறந்து வைத்தார். பிக்காசோ தமக்குத் தரப்பட்ட ஊதியத்தை ஏற்காமல் அதை நகர மக்களுக்கு அன்பளிப்பாகவே வழங்கினார். ஆயினும் அது என்ன உருவம் என்று அன்று பலருக்கும் விளங்கவில்லை. பெண்ணின் தலையா, பறவையா, நாயா என்று நகரமே விவாதித்தது.

அதே மாதத்தில் நகரின் தென்பகுதியில், 43ஆம் தெருவும் லாங்லி நிழற்சாலையும் சந்திக்கும் மூலையில், பாதி கைவிடப்பட்ட ஒரு பழைய கட்டடத்தின் வெளிச்சுவரில் சில இளைஞர்கள் சாரம் கட்டி வரைந்துகொண்டிருந்தார்கள். அது கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. ஆகஸ்டு முடிவதற்குள் அந்தச் சுவர் நிறைந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மரியாதைச் சுவர்’.

இரண்டுக்கும் கவிதை எழுதியவர் ஒருவரே. புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரான க்வெண்டலின் புரூக்ஸ், பிக்காசோ சிற்பத்துக்கு ஒரு கவிதையும் மரியாதைச் சுவருக்கு ஒரு கவிதையும் எழுதினார். 1968இல் வெளிவந்த அவரது தொகுப்பில் இரண்டும் அடுத்தடுத்து இடம்பெற்றன. ஒரு நகரம் தன் மக்களுக்குக் கலையைக் கொடுப்பதற்கும், மக்கள் தமக்குத் தாமே கலையை ஆக்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரு படைப்புகளும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டின. பிக்காசோவின் சிற்பம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. மரியாதைச் சுவர் ஐந்தாண்டுகூட முழுமையாக நிற்கவில்லை.

மரியாதைச் சுவர் உருவான விதம்

இந்தச் சுவரை உருவாக்கியது ‘அமெரிக்கக் கறுப்பினப் பண்பாட்டு அமைப்பு’. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஓபாசி’ என்று அழைப்பார்கள். அதன் காட்சிக்கலைப் பட்டறையைச் சேர்ந்த ஓவியர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் இதில் சேர்ந்து உழைத்தார்கள். சுவரோவியம் வரையலாம் என்று முதலில் முன்மொழிந்தவர் வில்லியம் வாக்கர். அலபாமா மாநிலத்தில் 1927இல் பிறந்து, கலைப்பள்ளியில் பயின்று, சிகாகோவில் அஞ்சல் துறையில் பணிபுரிந்தவர் அவர்.

சுவரின் மொத்த அமைப்பைச் சில்வியா அபர்நாதி வகுத்துக் கொடுத்தார். கட்டடத்தின் சன்னல்களும் வாசல்களும் இயல்பாகவே பிரித்து வைத்திருந்த பகுதிகளை அவர் இசை, நாடகம், இலக்கியம், விளையாட்டு, சமயம், தலைவர்கள் என்று பங்கிட்டார். ஒவ்வொரு பகுதியையும் ஓர் ஓவியர் ஏற்றார். ஜாஸ் இசைப்பகுதியில் ஜெஃப் டொனால்ட்சன் முன்னின்றார். ரிதம் அண்டு ப்ளூஸ் பகுதியை வாட்ஸ்வொர்த் ஜாரெலும் நாடகப் பகுதியைப் பார்பரா ஜோன்சும் வரைந்தார்கள். நடனப் பகுதிக்கு இடம் போதாததால் கரோலின் லாரன்ஸ் அதைப் பக்கத்தில் இருந்த செய்தித்தாள் கடையின் மேல் வரைந்தார். ஓவியங்களுக்கு இடையே ராய் லூயிஸ், ராபர்ட் செங்ஸ்டாக் முதலியோர் எடுத்த ஒளிப்படங்களும் பதிக்கப்பட்டன.

முகம்மது அலி, மால்கம் எக்ஸ், டுபாய்ஸ், நினா சிமோன், ஜான் கோல்ட்ரேன், சார்லி பார்க்கர் என ஐம்பதுக்கு மேற்பட்டோரின் உருவங்கள் அந்தச் சுவரில் இருந்தன. மார்ட்டின் லூதர் கிங்கின் உருவம் இல்லை. அன்றைய அமெரிக்காவில் கறுப்பினத் தலைவர் என்றாலே உலகம் முதலில் நினைக்கும் ஒருவரை விட்டுவிட்டது, இந்தச் சுவர் வெளியுலகத்தின் பார்வைக்காக வரையப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. யாரை மதிக்க வேண்டும் என்பதை அந்த வட்டாரத்தின் அரசியல் மனநிலையே முடிவு செய்தது. அத்தேர்வை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். அது வேறு யாரும் எழுதிக் கொடுத்த பட்டியல் அன்று என்பதை மறுக்க முடியாது.

வரைந்த முறையும் கவனிக்கத் தக்கது. பகல் முழுவதும் தெருவில் மக்கள் நின்று பார்த்தார்கள். குறை சொன்னார்கள், யோசனையும் சொன்னார்கள். ஓவியக்கூடத்தின் மூடிய கதவுக்குப் பின்னால் ஓவியர் பெறும் தனிமை இங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த இழப்பே இக்கலைக்கு ஆதாயமாகவும் ஆயிற்று. வரைந்து முடித்த பிறகும் அந்த மூலை சும்மா இருக்கவில்லை. கவிதை வாசிப்பும் இசையும் அரசியல் கூட்டங்களும் அந்தச் சுவரின் முன்னே நடந்தன. தொலைவிலிருந்தும் மக்கள் அதைக் காண வந்தார்கள்.

சுவருக்குள்ளேயே எழுந்த பூசல்

சமூகம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரே குரலில் பேசும் கூட்டம் ஒன்று நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. மரியாதைச் சுவரின் வரலாறு அந்தத் தோற்றத்தைக் கலைத்துவிடுகிறது.

சமயப் பகுதியில் வாக்கர் முதலில் இலைஜா முகம்மதுவை வரைந்தார். அதே சுவரின் இன்னொரு பகுதியில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்துபோன மால்கம் எக்ஸின் உருவமும் இருந்தது. பின்னர் இலைஜா முகம்மதுவின் உருவம் நீக்கப்பட்டு, அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னர் அங்கே வரையப்பட்டார்.

அடுத்து வந்த பூசல் இன்னும் கடுமையானது. தலைவர்கள் பகுதியை வரைந்தவர் நார்மன் பாரிஷ். அந்த ஓவியம் தெருவில் சிலருக்கு நிறைவளிக்கவில்லை என்று சொல்லி, வாக்கரின் முடிவுப்படி அதன்மேல் வெள்ளை பூசப்பட்டது. யூஜீன் வேட் என்ற ஓவியர் அங்கே புதிதாக வரைந்தார். உடன் உழைத்த ஓவியர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பட்டறை உடைந்தது. அதிலிருந்து வெளியேறியவர்களுள் டொனால்ட்சன், ஜாரெல், பார்பரா ஜோன்ஸ் முதலியோர் 1968இல் தொடங்கிய குழுவே பின்னாளில் ‘ஆஃப்ரிகோப்ரா’ என்று புகழ்பெற்றது.

இந்நிகழ்வை எப்படி மதிப்பிடுவது? மக்கள் விரும்பாததை மாற்றுவது மக்கள் கலையின் இயல்பு என்று வாக்கர் பக்கம் பேசலாம். ஒருவரின் உழைப்பை அவரது இசைவின்றி அழிப்பது மரியாதை ஆகாது என்று மறுபக்கம் பேசலாம். இரண்டாவது வாதமே வலுவானது. மக்களின் கருத்து என்று சொல்லப்பட்டது எந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டது, எத்தனை பேர் சொன்னது என்பதற்குத் தெளிவான விடை இல்லாதபோது, மக்களின் பெயரால் ஒருவர் எடுத்த முடிவாகவே அது நின்றுவிடுகிறது. முதல் சமூகச் சுவரோவியத்திலேயே இந்தச் சிக்கல் தலைகாட்டியது. ஆனால் அது அந்த வட்டாரத்து ஆட்களுக்குள்ளே, முகத்துக்கு முகம் நடந்த சண்டை. பின்னாளில் வந்த அழிப்புகள் அப்படிப்பட்டவை அல்ல.

மரியாதைச் சுவர் இருந்த பகுதியை இடித்துப் புதுப்பிக்க நகர நிர்வாகம் 1969இல் முனைந்தபோது, மக்கள் திரண்டு நின்று அதைத் தடுத்தார்கள். 1971இல் கட்டடத்தில் தீப்பிடித்தது. அதன்பின் கட்டடம் இடிக்கப்பட்டது. இன்று ஒளிப்படங்களே எஞ்சியுள்ளன.

ஒரு முறையாக வளர்ந்தது

சுவர் போனாலும் அது காட்டிய வழி போகவில்லை. வாக்கரும் வேடும் டெட்ராய்ட் நகருக்குச் சென்று அங்கும் சுவரோவியம் வரைந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வாக்கரும் ஜான் பிட்மன் வெபரும் வேறு சிலரும் சேர்ந்து ‘சிகாகோ சுவரோவியக் குழு’வை அமைத்தார்கள். வாக்கரும் வேடும் கறுப்பினத்தவர், வெபர் வெள்ளையர். இனம் கடந்து இயங்கிய அக்குழு பின்னர் ‘சிகாகோ பொதுக்கலைக் குழு’ என்று பெயர் மாறி இன்றும் பணியாற்றுகிறது.

இக்குழு கைக்கொண்ட முறை எளியது. முதலில் அந்த வட்டாரத்தில் கூட்டம் நடக்கும். மக்கள் தம் கதைகளைச் சொல்வார்கள். அவற்றிலிருந்து ஓவியர் மாதிரிப்படம் வரைந்து மீண்டும் கூட்டத்தின் முன் வைப்பார். திருத்தங்கள் செய்த பிறகே சுவரில் கை வைப்பார்கள். வரையும்போது வட்டாரத்து இளைஞர்களும் சிறுவர்களும் தூரிகை பிடிப்பார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. எல்லோருக்கும் பிடித்ததைத் தேடும்போது ஓவியம் சில வேளைகளில் கூர்மை இழக்கிறது. கைகோத்து நிற்கும் பல நிற மனிதர்கள், உதயசூரியன், பறக்கும் புறா என்ற வாய்பாட்டில் போய் விழுந்த சுவரோவியங்கள் பல நகரங்களில் உள்ளன. நல்ல எண்ணம் மட்டுமே நல்ல ஓவியம் ஆகிவிடாது. ஆனால் அதே முறையில் உருவான வாக்கரின் சிறந்த ஓவியங்களில் இந்தச் சோர்வு இல்லை. ஹைட் பார்க் பகுதியில், 56ஆம் தெருவின் இரயில் பாலத்தடியில், ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே அவர் 1977இல் வரைந்த ‘குழந்தைமைக்கு வெறுப்பு இல்லை’ அதற்குச் சான்று. வெவ்வேறு இனக் குழந்தைகளின் முகங்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு முகம் முடியுமிடத்திலேயே இன்னொரு முகம் தொடங்குகிறது. ஒற்றுமை என்ற கருத்து அங்கே அறிவுரையாக நிற்கவில்லை, வரைந்த கோட்டிலேயே இருக்கிறது.

பில்சன்: ஓவியமே விளம்பரம் ஆனபோது

சிகாகோவின் பில்சன் பகுதி முன்பு செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழ்ந்த இடம். அந்நாட்டு நகரம் ஒன்றின் பெயரே அதற்கு அமைந்தது. 1960களில் அருகில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட மெக்சிகோ மரபினர் பலர் பில்சனில் குடியேறினார்கள். 1920களில் மெக்சிகோவில் ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கேரோஸ் ஆகியோர் வளர்த்த சுவரோவிய மரபு அவர்களுக்கு அயலானது அன்று. 1968இல் மாரியோ காஸ்டில்யோ அப்பகுதி இளைஞர்களோடு சேர்ந்து வரைந்த ஓவியத்திலிருந்து பில்சனின் சுவர்கள் பேசத் தொடங்கின.

‘காசா அஸ்ட்லான்’ என்ற சமூக நிலையம் அதன் நடுநாயகமாக விளங்கியது. ஆங்கில வகுப்பு, குடியுரிமை வகுப்பு, சிறுவர்களுக்கான பணிகள் எனப் பல அங்கே நடந்தன. 1970களில் ரே பத்லான் அக்கட்டடத்தின் உள்ளும் புறமும் ஓவியம் தீட்டினார். அக்கட்டடத்தைப் பார்த்தாலே பில்சன் என்று தெரியும் அளவுக்கு அது அடையாளமாயிற்று.

நகரின் மையத்துக்கு அருகிலேயே பில்சன் இருப்பதால் அங்கே வீட்டு வாடகையும் நில மதிப்பும் ஏறத் தொடங்கின. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏறத்தாழ 10,000 லத்தீன் அமெரிக்க மரபினர் அப்பகுதியிலிருந்து குறைந்துபோனார்கள் என்று இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. கடன் சுமையால் காசா அஸ்ட்லான் தன் கட்டடத்தை இழந்தது. கட்டுமான நிறுவனம் ஒன்று அதை வாங்கி வாடகைக் குடியிருப்புகளாக மாற்ற முனைந்தது. 2017 கோடையில் ஒருநாள் முகப்போவியங்கள் முழுவதும் சாம்பல் நிறப் பூச்சுக்குள் மறைந்தன.

பில்சன் மக்கள் தெருவில் இறங்கினார்கள். எதிர்ப்பு வலுத்தபோது கட்டட உரிமையாளர் இறங்கிவந்து, கலிபோர்னியாவில் வாழ்ந்துவந்த பத்லானையே அழைத்து அதே சுவரில் புதிய ஓவியம் வரையச் செய்தார். அதை மக்களின் வெற்றி என்று சொல்லலாம். ஆனால் பாதி வெற்றிதான். சுவருக்கு ஓவியம் திரும்பி வந்தது. சுவருக்குப் பின்னால் இருந்த வகுப்புகள் திரும்பி வரவில்லை. அங்கே படித்தவர்கள் கொடுக்க இயலாத வாடகைக்கு வீடுகள் வந்தன.

வண்ணமயமான தெரு, பண்பாட்டுச் செழுமை உள்ள வட்டாரம் என்ற பேச்சு வீடு விற்பவர்களின் விளம்பரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மக்கள் தம் இருப்பைச் சொல்ல வரைந்த ஓவியமே அவர்களை அங்கிருந்து அகற்றும் விலையேற்றத்துக்குத் துணைபோகும் நிலை இது. ஆகவே ஓவியம் வரைந்ததால்தான் வாடகை ஏறியது என்று முடிவுகட்டிவிடுவோரும் உண்டு. அது சரியன்று. நகர மையத்தின் அருகாமை, போக்குவரத்து வசதி, கட்டுமான முதலீடு ஆகியன வாடகையை ஏற்றும் பெருங்காரணங்கள். 1970களில் ஓவியங்கள் நிறைந்திருந்தபோது பில்சனுக்கு யாரும் வீடு வாங்க ஓடி வரவில்லை. பழியை ஓவியத்தின்மேல் போட்டால் வீட்டுக் கொள்கையின் குறை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் தரப்பு

வாக்கரின் இன்னொரு பெரும்படைப்பும் இதே வழியில் மறைந்தது. காப்ரினி-கிரீன் என்ற பெரிய அரசுக் குடியிருப்பின் அருகே இருந்த தேவாலயத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் ‘மானுடம் அனைத்தும்’ என்ற ஓவியத்தை வரைந்தார். குடியிருப்பின் கடைசி மாடிக் கட்டடம் 2011இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் வாக்கரும் மறைந்தார். 2015 டிசம்பரில் தேவாலயத்தின் முகப்போவியத்துக்கு வெள்ளை பூசப்பட்டது. அப்போது கட்டடம் விற்பனைக்கு வந்திருந்தது. அந்த ஓவியத்தைக் காத்துநிற்க வேண்டிய அக்கம்பக்கத்தினர் பெரும்பாலும் முன்பே அப்புறப்படுத்தப்பட்டுவிட்டார்கள். பில்சனில் நடந்த எதிர்ப்பு இங்கே நடக்காததற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. மதிப்பு வாய்ந்ததாக ஏற்கப்பட்ட படைப்பை அழிப்பதைக் கலைஞர் தடுக்கலாம், அழித்தால் இழப்பீடு கோரலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ என்ற பழைய ஆலைக் கட்டடத்தில் உரிமையாளரின் இசைவோடு வரையப்பட்டிருந்த ஓவியங்கள் 2013இல் இரவோடிரவாக வெள்ளையடிக்கப்பட்டன. அவ்வழக்கில் 21 ஓவியர்களுக்கு 67.5 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க 2018இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2020இல் அது உறுதியானது.

கலைஞர்களுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் இச்சட்டம் காண்பது கலைஞர், கட்டட உரிமையாளர் என்ற இருவரை மட்டுமே. கூட்டத்தில் அமர்ந்து கதை சொன்னவர்கள், ஏணி பிடித்தவர்கள், முப்பது ஆண்டுகள் அதைக் கடந்து வேலைக்குப் போய் வந்தவர்கள் என்ற மூன்றாம் தரப்புக்கு அதில் இடமில்லை. சட்டம் வருவதற்கு முன் வரையப்பட்ட ஓவியங்களுக்கு அது தரும் காப்பும் குறைவே. சமூகச் சுவரோவியங்களின் தொடக்கக்காலப் படைப்புகள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவை.

நகர நிர்வாகமே தவறுதலாக அழித்த நிகழ்வுகளும் உண்டு. சிகாகோவில் சுவர்க்கிறுக்கல்களை அழிக்கும் நகராட்சிக் குழு, அனுமதியோடு வரையப்பட்ட ஓவியங்கள்மீதும் வண்ணம் பூசிவிட்டது. 2018இல் இது பெரும் புகாரானது. அதன் பின்னரே சுவரோவியங்களுக்கென ஒரு நகரப் பதிவேடு வந்தது. தாமதமான ஏற்பாடு என்றாலும் தேவையான ஒன்று.

வெளியிலிருந்து வந்த அழைப்பு

சமூகக் கலை என்ற பெயரில் நடப்பவை எல்லாம் சமூகத்தில் தொடங்கியவை அல்ல. 1993இல் சிகாகோவில் மேரி ஜேன் ஜேக்கப் ஒருங்கிணைத்த ‘செயலில் பண்பாடு’ என்ற திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரின் வட்டாரங்களில் எட்டுக் கலைத்திட்டங்கள் அதில் நடந்தன. ஒன்றில் மிட்டாய் ஆலைத் தொழிற்சங்கத்தினர் கலைஞர்களோடு சேர்ந்து தமக்கென ஒரு சாக்லேட் உருவாக்கி உறை வடிவமைத்தார்கள். இன்னொன்றில் எச்.ஐ.வி. தொற்றுடையோருக்காக ஒரு கடையறையில் மண்ணின்றிக் கீரை வளர்த்தார்கள். மற்றொன்றில் நகரப் பெண்களைப் போற்றும் நூறு கற்பாறைகள் தெருக்களில் வைக்கப்பட்டன.

இத்திட்டம் உலகக் கலை விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டது. கடும் விமர்சனங்களும் வந்தன. ஏற்கெனவே இருக்கும் சமூகத்தோடு கலைஞர் சேர்கிறாரா, அல்லது திட்டத்துக்காக ஒரு சமூகத்தைக் கூட்டி உருவாக்குகிறாரா என்று கலை வரலாற்றாசிரியர் மிவோன் குவோன் எழுப்பிய கேள்வி இன்றும் பொருந்தும். பல வேலைகள் அந்தக் கோடையோடு முடிந்தன. வெஸ்ட் டவுன் பகுதியில் இளைஞர்கள் தம் தெருவைத் தாமே படம்பிடித்த ஒளிக்காட்சித் திட்டம் மட்டும் ‘ஸ்ட்ரீட் லெவல்’ என்ற இளைஞர் அமைப்பாகப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. அதை நடத்திய இனிகோ மங்லானோ-ஓவாயே அதே வட்டாரத்தில் வாழ்ந்தவர். விழா முடிந்ததும் அவர் ஊர் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

நிலைத்து நிற்பவை

சிகாகோவில் அழிந்தவற்றோடு நிலைத்தவற்றையும் ஒப்பிட்டால் ஒரு செய்தி புலப்படுகிறது. வாக்கரின் தேவாலய ஓவியம் அழிந்தது. அவருடைய குழந்தைகள் ஓவியம் இன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே கையின் வேலை. இரண்டாவது இரயில் பாலத்தின் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரை வீடாக மாற்றி விற்க முடியாது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. 1993இலும் 2009இலும் பொதுக்கலைக் குழுவின் முயற்சியால் அது புதுப்பிக்கப்பட்டது. மிட்செல் கேட்டனும் கால்வின் ஜோன்சும் 1979இல் தென்பகுதி இளைஞர் மையம் ஒன்றின் சுவரில் வரைந்த பெரிய ஓவியமும் பின்னர் புதுப்பிக்கப்பட்டு நிலைத்தது. அங்கும் சுவரின் உள்ளே ஒரு நிலையம் உயிரோடு இருந்தது.

வெயிலும் பனியும் வண்ணத்தைத் தின்னும். பாலத்தடியில் ஈரம் கசியும். எந்தச் சுவரோவியமும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவனிப்புக் கேட்கும். வரைவதற்குப் பணம் தருபவர்கள் திறப்பு விழாவுக்குத் தருகிறார்கள், பராமரிப்புக்குத் தர முன்வருவது அரிது. ஆகவே ஓர் ஓவியம் நிலைக்க, சுவர் எளிதில் கைமாறாத இடத்தில் இருக்க வேண்டும், அதைத் தம்முடையது என்று கருதி மீண்டும் வண்ணம் பூச ஆட்களும் இருக்க வேண்டும். சிகாகோவில் நிலைத்தவற்றுக்கு இவ்விரண்டும் வாய்த்தன.

முடிவுரை

சமூகச் சுவரோவியம் நிலைத்து நின்றால்தான் வெற்றி என்று கொள்வதும் பொருந்தாது. மரியாதைச் சுவர் ஏறக்குறைய நான்கே ஆண்டுகள் நின்றது. அதைப் பார்த்துத்தான் பல நகரங்களில் தெருச்சுவர்கள் ஓவியமாயின. அதே நேரத்தில், அழிந்தாலும் நினைவு நிற்கும் என்று சொல்லி அழிப்பை நியாயப்படுத்துவதும் தவறு. மக்கள் தாமே மாற்றிக்கொண்ட ஓவியம் வேறு, மக்களைக் கேளாமல் பூசப்பட்ட சாம்பல் வண்ணம் வேறு.

இத்தகைய முயற்சி ஒன்றை ஆராய வரும் மாணவர், ஓவியத்தின் அழகைப் பார்த்த பிறகு இன்னும் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். கருவை யார் தேர்ந்தார்கள்? மாதிரிப்படம் வட்டாரத்து மக்களிடம் காட்டப்பட்டதா, அவர்கள் வேண்டாம் என்று சொல்ல இடமிருந்ததா? சுவர் யார் பெயரில் இருக்கிறது? பத்தாண்டு கழித்து வண்ணம் உதிரும்போது யார் பூசுவார்கள்? அந்தத் தெருவில் அப்போது யார் குடியிருப்பார்கள்?

கடைசிக் கேள்விக்கு ஓவியரால் விடை சொல்ல முடியாது. வீட்டு வாடகையை ஓவியம் கட்டுப்படுத்தாது. அதற்கு வீட்டுக் கொள்கையும் நகர நிர்வாகமும் வேண்டும். தெருவுக்கு ஓவியம் தர முன்வரும் நகரம், அத்தெருவில் வாழ்வோர் அங்கேயே தொடர்ந்து வாழவும் வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் முகங்கள் சுவரில் இருக்கும், அந்த முகங்களுக்கு உரியவர்கள் வேறெங்கோ வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருப்பார்கள்.